ஒருவரும் பதில் சொல்வதில்லை

வல்லாஹி, இது நடந்த கதை. கட்டுக்கதை எண்டு நினைக்கிறவங்க இப்பவே எழும்பிப் போகலாம், எனக்கு ஒரு கோவமும் இல்ல. நான் பேய் பிசாசு எண்டு திரியிற ஆளும் இல்ல. திருகோணமலை ரவுனுக்குள்ள கலியாண வீடு, கோயில் திருவிழா, கந்தூரி எண்டு லைற்றும் ஸ்பீக்கரும் கட்டுற நஸ்ரி. மையத்து அடக்குற மையவாடி மதிலில ஏறி நிண்டு தனிய வயர் இழுத்திருக்கன். ஒண்டும் என்னத் தொட்டதில்ல. ஆனா இந்த ஒண்டை மட்டும் என்னால அப்பிடித் தள்ளிவிட ஏலல்ல.

அதுவும் இருட்டில நடந்ததெண்டா ஏதோ கண் மயக்கம் எண்டு விடலாம். இது பட்டப்பகல். வெள்ளிக்கிழமை, ஜும்ஆ நேரம். வெயில் மண்டையப் பிளக்குது.

நடந்தது எனக்கில்ல, லக்சாயினி டீச்சருக்கு. டீச்சரைத் தெரியாதவங்களுக்குச் சொல்றன். பள்ளிக்கூடத்தில நாடகம் படிப்பிக்கிற. பின்னேரங்களில எங்கட சின்னக் குழுவுக்கு அவதான் நெறியாளர். லைற் நான். எண்ட பொஞ்சாதி பஹ்மியா நடிக்கிற. மாமியாருக்கு அது இன்னும் பிடிக்கல்ல, அது வேற கதை.

நாடகம் போடுறவங்களில கன பேர் பிரதிய ஒருக்கா வாசிப்பாங்க, அடுத்த நாளே நடிகரை நிப்பாட்டி வைச்சுக் கத்தத் தொடங்குவாங்க. டீச்சர் அப்பிடி இல்ல. பிரதி கையில வந்தா ஒரு மாசத்துக்கு ஒருத்தரிட்டயும் குடுக்க மாட்டா. முதல் வாசிப்புக்குப் பென்சிலைத் தொட மாட்டா. ஒரே மூச்சில, கதை கேக்கிற மாதிரி வாசிப்பா. ரெண்டாவது வாசிப்பில ஆரு எப்ப உள்ள வாறாங்க, எப்ப வெளிய போறாங்க எண்டு மட்டும் பாப்பா. “மேடைக்குள்ள வந்த ஆள் வெளிய போகவேணும், நஸ்ரி. போறவன் எங்க போறான் எண்டு எனக்குத் தெரியவேணும். சும்மா மறையக்கூடாது” எண்டு சொல்லுவா.

மூண்டாவதுதான் விசேஷம். பாத்திரத்துக்கு ஒரு கதிரை போடுவா. நடிகர் இல்ல, வெறுங்கதிரை. எதிரில நிண்டு சத்தமாக் கேப்பா. “எங்க இருந்து வாறாய்? உனக்கு என்ன வேணும்? ஆர் உன்னை மறிக்கிறது?” பிறகு அந்தக் கதிரையில தானே இருந்து, அந்த ஆளாப் பதில் சொல்லுவா. முதல் தரம் கண்டப்ப மனிசிக்குக் கழண்டு போச்செண்டு நினைச்சன். ஆனா அந்தக் கதிரைக் கதைக்குப் பிறகு அவ நடிகரிட்டச் சொல்ற ஒவ்வொண்டும் ஆணி அடிச்ச மாதிரி இருக்கும். சும்மா சொல்லக்கூடாது, கெட்டிக்காரி.

அண்டைக்கு அவ கையில இருந்தது அருளம்பலம் ஐயா எழுதின நாடகம். ஐயா இந்த ஊர்ப் பிறப்பு, இப்ப டொரன்டோவில மகனோட இருக்கிறார். ஐயாட பழைய வீடு உள்துறைமுகப் பக்கம் ஒரு ஒழுங்கையில பூட்டிக் கிடக்கு. நாடகத்தில வாற வீடும் அதுதான். வீட்டை விக்கிறதா விடுறதா எண்டு ஒரு குடும்பம் ஒரு மத்தியானம் முழுக்க ஹோலில இருந்து சண்டை பிடிக்கிற கதை. அப்பா, அம்மா, மகள், வீடு வாங்க வந்த தரகர். டீச்சருக்கு ஒரு ஆசை. அந்த ஹோலையே மேடையாக்கி, சனத்தை வெளி முத்தத்தில இருத்தி, அங்கயே போடவேணும் எண்டு. ஐயாட சொந்தக்காரர் இராசதுரை அண்ணன் வீட்டுப் பூட்டுத் திறப்பைக் குடுத்தார். “பகலில மட்டும் பாவியுங்கோ, பிள்ளை. கரண்டும் வெட்டிக் கிடக்கு” எண்டார். வேற ஒண்டும் சொல்லல்ல.

பஹ்மியாக்கு அம்மா பாத்திரம். ஜும்ஆ முடிய நான் அவளைச் சைக்கிளில ஏத்திக்கொண்டு அங்க போறதெண்டு கதை. சைக்கிள் எண்டா மோட்டர்சைக்கிள்தான். டீச்சர் முதலே போய், தனிய இருந்து, தண்ட வேலைய முடிக்கிறதெண்டு ஏற்பாடு.

பதினொண்டரை போல டீச்சர் கதவைத் திறந்தா. பெரிய ஹோல். ஒரு பக்கம் ரெண்டு யன்னல், திறந்தா துறைமுகத்துக் கிரேன் தெரியும். அடுத்த பக்கம் சமைக்கிற குசினிக்குப் போற வாசல். குசினிக் கதவு சாத்தி, குறுக்கால ஒரு பலகை அடிச்சிருந்தது. முதல் நாள் நான் இறக்கிப்போட்ட சிவப்புப் பிளாஸ்டிக் கதிரையள் மூலையில கிடந்தது. டீச்சர் முன்கதவைச் சாத்தி, கொண்டிய இழுத்துப் போட்டா. தெருவில போறவங்க எட்டிப் பாத்துச் சிரிக்கிறது அவக்குப் பிடிக்காது. கதிரையில இருந்து வேலையத் தொடங்கினா.

உள்ள வாறதும் வெளிய போறதும் பாக்கிறப்பவே அவக்கு ஒண்டு தட்டுப்பட்டுது. தரகர் முன்வாசலால வாறார், முன்வாசலால போறார். மகள் அறைக்குள்ள போறா, வாறா. அப்பா முத்தத்துக்குப் போறார். நாடகம் முழுக்க ஒருத்தரும் குசினிப் பக்கம் போகல்ல. தரகருக்குத் தேத்தண்ணி போட அம்மா எழும்புறா, ஆனா போகல்ல. திருப்பி இருக்கிறா. தேத்தண்ணி கடைசி வரைக்கும் வரல்ல.

டீச்சர் அதைப் பென்சிலால வட்டம் போட்டா. ‘நல்லா இருக்கு’ எண்டு நினைச்சா. அப்பதான் மூக்கில ஒரு மணம் பட்டுது. விறகு அடுப்பு மூட்டின புகை மணம். பக்கத்து வீட்டில சமைக்கினம் போல எண்டு விட்டா. அந்த ஒழுங்கையில பக்கத்து வீடு ரெண்டும் இப்ப வெறுமை எண்டது அவக்கு நினைவு வரல்ல.

பிறகு கதிரையளை வைச்சா. அப்பாட கதிரையில இருந்து கேட்டா, “உனக்கு என்ன வேணும்?” வீட்டை விக்கவேணும் எண்டு பிரதி சொல்லுது. ஆனா அந்தக் கதிரையில இருந்து வசனங்களைச் சத்தமா வாசிக்க வாசிக்க, அவக்கு வேற ஒண்டு பட்டுது. இந்த மனிசன் வீட்டை விக்க அந்தரப்படல்ல. இந்த வீட்டில இருந்து தப்பத்தான் அந்தரப்படுறார். அம்மாக்குப் போக விருப்பமில்ல, ஆரையோ விட்டிட்டுப் போக ஏலாத ஆள் மாதிரிக் கதைக்கிறா. ஆரை எண்டு பிரதியில இல்ல.

குசினிக்குள்ள ஒரு சத்தம். பானைய நிலத்தில வைக்கிற மாதிரி. டங்…

பூனையாக்கும்.

நடுப்பக்கத்துக்கு வந்தப்பதான் அஞ்சாவது பாத்திரம், முந்தி வாசிக்கிறப்ப மூண்டு வரிதானே எண்டு தாண்டிப் போனது. பேர் கூட இல்ல. இவ்வளவுதான் எழுதியிருந்தது.

‘ஒரு பெண் குசினிப் பக்கமிருந்து உள்ளே வருகிறாள்.
பெண்: இன்னும் ஆரும் வரக் கிடக்கே?
ஒருவரும் பதில் சொல்வதில்லை.’

அவ்வளவுதான். இன்னும் வர ஆள் இருக்கோ எண்டு ஒரு கேள்வி, அதுக்குப் பிறகு நாடகம் தண்ட பாட்டுக்குப் போகுது. அந்தப் பொம்பிள ஆரு, வேலைக்காரியா, சொந்தக்காரியா, ஒண்டும் இல்ல. டீச்சர் கடைசிப் பக்கம் வரைக்கும் தேடினா. அவ வெளிய போறதா ஒரு இடத்திலயும் இல்ல.

டீச்சருக்குக் கோவம் வந்திட்டுது. “ஐயா கோட்டை விட்டிட்டார்” எண்டு வாய்விட்டே சொன்னா. ஒருத்தி உள்ள வாறா, வெளிய போகல்ல. ஒரு கேள்வி கேக்கிறா, நாலு பேர் இருந்தும் ஒருத்தரும் பதில் சொல்லல்ல. மேடையில ஒரு கேள்வி விழுந்தா அதை ஆராவது பிடிக்கவேணும், இல்லாட்டிக் காட்சி செத்துப் போயிரும் எண்டது அவட கட்சி. எழுதினவர் விட்ட பிழைய நெறியாளர் திருத்தத்தானே வேணும்?

அதனால அஞ்சாவது கதிரையும் எடுத்தா. குசினி வாசலுக்கு முன்னால வைச்சா.

எதிரில நிண்டு கேட்டா. “எங்க இருந்து வாறாய்?”

வெளிய ஒரு கப்பல் ஊதிச்சுது. அடங்கிச்சுது.

“உனக்கு என்ன வேணும்?”

போய் அந்தக் கதிரையில இருந்தா. ஒரு பதிலும் வரல்ல. மற்றக் கதிரையளில இருக்கிறப்ப மனசுக்குள்ள ஏதாவது ஓடும். இங்க ஒண்டும் இல்ல. கதிரை மட்டும் சுடுது. வெயில் படாத மூலை, பிளாஸ்டிக் கதிரை. ஆரோ கன நேரம் இருந்து இப்பதான் எழும்பின மாதிரிச் சூடு.

அவ எழும்பிட்டா.

சரி, நடிச்சுப் பாப்பம் எண்டு நினைச்சா. பதில் ஒண்டு வைச்சா காட்சி எப்பிடி இருக்கும் எண்டு பாக்கத்தான். அப்பாட கதிரைக்குப் போய், குசினி வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்து, அப்பாட வசனத்தை வாசிச்சா. “இந்த வீட்டில இருக்கிற ஆக்கள் எல்லாரும் இப்ப இங்கதான் இருக்கிறம். ஒரு முடிவைச் சொல்லுங்கோ.”

அடுத்தது அந்தப் பொம்பிளையிட வசனம். அதையும் அவதான் வாசிக்க வேணும். பக்கத்தைப் பிரட்டினா…

“இன்னும் ஆரும் வரக் கிடக்கே?”

வசனம் கேட்டுது. முதுகுக்குப் பின்னால, அடக்கமா, வீட்டு வேலைக்கு நடுவில கேக்கிற மாதிரி.

டீச்சர் வந்ததில இருந்து எல்லா வசனத்தையும் தானே வாசிச்சுக்கொண்டு இருந்தவ. காது பழகிப்போச்சு. பதிலொண்டு சொல்லவேணும் எண்டு வேற நினைச்சுக்கொண்டு இருந்தவ. யோசிக்காம, பிரதியில இருந்து தலைய நிமித்தாம, வாயில வந்ததைச் சொல்லிப்போட்டா.

“ஓம். பஹ்மியா வரக் கிடக்கு.”

சொல்லி முடிஞ்ச பிறகுதான்…

‘அந்தக் கேள்விய நான் வாசிக்கல்லையே’ எண்டு அவக்குப் பட்டுது.

கதிரை ஒண்டு நகந்துது. பிளாஸ்டிக் கால் சீமெந்தில உரசுற சத்தம். கிரீச்…

திரும்பிப் பாக்க ஏலல்ல. கழுத்து விறைச்சுப் போச்சு.

காலடி. வெறுங்கால். மெதுவா. அவட கதிரைக்குப் பக்கத்தால போகுது. புகை மணம் போகுது.

முன்கதவில கொண்டி கழண்டு விழுந்துது. அவ தண்ட கையால போட்ட கொண்டி.

கதவு திறந்துது. வெளிச்சம் உள்ள விழுந்துது.

தெருப் படலை கிறீச்சிட்டுது.

பிறகு ஒரு சத்தமும் இல்ல.

போயிட்டுது எண்டு டீச்சருக்கு முதல்ல ஒரு நிம்மதி. கதிரையைப் பிடிச்சுக்கொண்டு எழும்பினா. குசினிக் கதவு சாத்தினபடிதான் இருந்தது, பலகையும் அடிச்சபடி. அஞ்சாவது கதிரை முன்வாசலைப் பாத்துத் திரும்பி இருந்தது. ஓடித் தப்புவம் எண்டு பையை எடுத்தா. எடுத்த கை அப்பிடியே நிண்டுட்டுது.

பிரதியில அந்தப் பொம்பிள வெளிய போறதே இல்லையே. இப்ப ஏன் போனா?

போறவன் எங்க போறான் எண்டு தெரியவேணும். இருபது வருசமா எல்லாருக்கும் படிப்பிச்ச கேள்வி. அந்தக் கேள்வி இப்ப அவட நெஞ்சுக்குள்ள இருந்து அவவையே கேக்குது. உனக்கு என்ன வேணும் எண்டு கதிரையிட்டக் கேட்டா, பதில் வரல்ல. பதில் அந்த ஒரு வசனத்திலேயே கிடந்திருக்கு. அவளுக்கு எல்லாரும் உள்ள வரவேணும். வரக் கிடக்கிற ஆள் ஆரெண்டு அவளுக்குத் தெரியாமல் இருந்தது. இப்ப தெரியும். பேரைச் சொல்லிக் குடுத்தது டீச்சர்தான்.

“ஐயோ, என்ர வாய்!” எண்டு தலையில அடிச்சுக்கொண்டா.

பஹ்மியாக்குக் கோல் எடுத்தா. அடிக்குது… அடிக்குது… எடுக்கல்ல. திருப்பி எடுத்தா. எடுக்கல்ல. எனக்கும் எடுத்தா. எண்ட போன் பள்ளிக்குள்ள சைலண்டில. நான் மௌலவிட குத்பாப் பிரசங்கம் கேட்டுக்கொண்டு இருந்தன். உண்மையச் சொன்னா அரைத் தூக்கம். அல்லாஹ் மன்னிக்கட்டும், எண்ட பொஞ்சாதிய ஒண்டு தேடிப் போகுது, நான் தூணில சாஞ்சுகொண்டு இருக்கன்.

டீச்சர் ஒழுங்கைக்கு ஓடி வந்தா. அந்த நேரம் ரவுன் எப்பிடி இருக்கும் எண்டு தெரியும்தானே. எங்கட ஆக்களிட கடையெல்லாம் பூட்டு. தெருவில ஒரு குஞ்சு குருமான் இல்ல. நிழல் காலடிக்குள்ள சுருண்டு கிடக்கு. பள்ளி ஸ்பீக்கரில மௌலவிட குரல் மட்டும்.

தெருவில ஒருத்தி போய்க்கொண்டு இருந்தா.

வெளிறின சாறி. அள்ளி முடிஞ்ச கொண்டை. கையில ஒண்டும் இல்ல. செருப்பு இல்ல. அந்தக் கொதிக்கிற தாரில, ஆறுதலா, தெரிஞ்ச வீட்டுக்குப் போற மாதிரிப் போறா.

டீச்சர் ஓடினா. அவ நடந்தா. இடையில இருந்த தூரம் குறையல்ல.

மைதானத்து மூலையில மரநிழலில மான்கள் படுத்துக் கிடந்ததுகள். எங்கட ரவுன் மானுகளைத் தெரியும்தானே, பஸ் வந்து ஹோர்ன் அடிச்சாலும் அசையாதுகள், வாழைப்பழத் தோலுக்குக் கடைக்குள்ளயே வருதுகள். அவ கிட்டப் போனதும் எல்லாம் ஒரேயடியா எழும்பிச்சுகள்… குட்டிகளையும் விட்டிட்டுப் பாஞ்சுதுகள்.

அவ திரும்பிப் பாக்கல்ல. எங்கட ஒழுங்கைக்குள்ள திரும்பினா.

டீச்சர் கத்தப் பாத்தா. “பஹ்மியா, வெளிய வராதேங்கோ!” எண்டு. தொண்டைக்குள்ள காத்துத்தான் வந்துது. சத்தம் இல்ல.

ஒழுங்கை முனைக்கு வந்தா.

எங்கட வீட்டுக் கேற்றுக்கு உள்ள அவ நிக்கிறா. வாசல்படிக்குக் கீழ. முன்கதவு திறந்து கிடக்கு, திரைச்சீலை மட்டும் ஆடுது.

அவ கூப்பிட்டா.

“பஹ்மியா.”

டீச்சர் அப்பிடியே மதிலைப் பிடிச்சுக்கொண்டா. ஏனெண்டா அது டீச்சரிட குரல். தண்ட தொண்டையில வராத சத்தம், அங்க, அவட வாயில இருந்து வருது.

“பஹ்மியா… எல்லாரும் வந்திட்டினம். நீங்கள்தான் வரக் கிடக்கு. வாங்கோ.”

உள்ள இருந்து பதில் இல்ல.

“பஹ்மியா… வாங்கோ.”

பதில் இல்ல.

டீச்சர் மதிலைப் பிடிச்சுப் பிடிச்சு வாறா. மணல்ல நடக்கிற மாதிரி.

“பஹ்மியா.”

இந்த முறை குரலில ஒரு கெஞ்சல். டீச்சர் சொல்லுவா, அந்தக் கெஞ்சலைக் கேட்டா தானே எழும்பிப் போயிருப்பன் எண்டு.

கேற்றில டீச்சரிட கை பட்டுது. தகரம் சத்தம் போட்டுது.

அவ திரும்பினா.

முகத்தைக் கண்டீங்களா டீச்சர் எண்டு எத்தனையோ பேர் கேட்டிட்டாங்க. நானும் கேட்டன். எல்லாத்துக்கும் வாய் திறக்கிற மனிசி, அதுக்கு மட்டும் வாய் திறக்கிறதில்ல.

அந்த நேரம் திரைச்சீலைய விலக்கிக்கொண்டு பஹ்மியா வெளிய வந்தா. தொழுகை உடுப்போட. டீச்சர் கேற்றில தொங்கிக்கொண்டு நிக்கிறா. வாசலில வேற ஆருமில்ல.

“என்ன டீச்சர் இது, மூண்டு தரம் கூப்பிட்டீங்க? நான் ளுஹர் தொழுதுகொண்டு இருந்த. தொழுகையில எப்பிடிப் பதில் சொல்ற?”

டீச்சர் அப்பிடியே நிலத்தில இருந்திட்டா. அழுதா. பஹ்மியாட கையப் பிடிச்சவ விடல்ல. நான் தொழுது முடிஞ்சு வாறப்பவும் அந்தக் கை விடாமத்தான் இருந்தது. சொட்டுச் சொட்டாத் தண்ணி பருக்கி, கதைய வாங்க எங்களுக்கு ஒரு மணித்தியாலம் போச்சு.

பஹ்மியா பிறகு ஒண்டு சொன்னா. “மூண்டாந்தரம் கூப்பிடுறப்ப தொழுகைய முடிக்கிற ஸலாம் குடுக்கப் போற கட்டம். இன்னும் ஒருக்காக் கூப்பிட்டிருந்தா, இந்தா வாறன் எண்டுதான் சொல்லியிருப்பன்.” சொல்லிப்போட்டுச் சிரிக்கப் பாத்தா. சிரிப்பு வரல்ல. சொல்லாம விட்ட அந்த ஒரு பதில்தான் அவளுக்கும் அதுக்கும் இடையில கிடந்திருக்கு.

ஞாயிறு காலையில எங்கட வீட்ட இருந்து அருளம்பலம் ஐயாக்கு வட்ஸப்பில எடுத்தம். அங்க சனி ராவு. மூண்டு பேரும் சுத்தி இருக்க, ஸ்பீக்கரில போட்டம். டீச்சர் சுகம் விசாரிச்சுப்போட்டு, “ஐயா, அந்த ‘ஒரு பெண்’…” எண்டு தொடங்கினா.

அங்கால கதவொண்டைச் சாத்துற சத்தம் கேட்டுது.

“பிள்ளை, நீங்கள் பதில் சொல்லிப்போட்டீங்களோ?”

டீச்சர் “ஓம்” எண்டா. ஐயா மூச்சு விடுற சத்தம் கேட்டுது.

“அந்தப் பாத்திரம் நான் யோசிச்சு எழுதினதில்லை. எழுபத்தெட்டாம் ஆண்டு. என்ர ஹோலிலதான் ஒத்திகை. மகள் பாத்திரத்துக்குக் கோணேஸ்வரி எண்டு ஒரு பிள்ளை. அண்டைக்கு அவ மட்டும் சுணங்கிட்டா, வந்து சேரேல்லை. நாங்கள் இருந்து வாசிச்சுக்கொண்டு இருக்கிறம், குசினிப் பக்கமிருந்து ஒரு பொம்பிளைக் குரல். ‘இன்னும் ஆரும் வரக் கிடக்கே?’ எண்டு. ஒவ்வொருத்தரும் மற்றவையின்ர ஆள் எண்டு நினைச்சிட்டம். நான்தான் சொன்னனான். ‘ஓம், கோணேஸ்வரி வரக் கிடக்கு.’”

“பிறகு?” எண்டது பஹ்மியா.

“கொஞ்ச நேரத்தால முன்வாசலால ரெண்டு பேர் உள்ள வாற சத்தம். ஒண்டு வெறுங்கால், ஒண்டு செருப்பு. கோணேஸ்வரி சிரிச்சுக் கதைச்சுக்கொண்டு வாறா. அந்தச் சத்தம் எங்களுக்கு நடுவால போய், குசினி வாசலில நிண்டிட்டுது. பிள்ளை, நாங்கள் ஆரையும் காணேல்லை. சத்தம் மட்டும்தான். வீட்ட தேடிப் போனால், தாய் சொல்லுறா, ‘நீங்கள்தானே தம்பி வாசலில நிண்டு கூப்பிட்டீங்கள், உங்கட குரல் கேட்டுத்தானே பிள்ளை ஓடினது’ எண்டு. பொலிஸ் என்னை எவ்வளவு நாள் வைச்சு விசாரிச்சது தெரியுமோ? அப்ப ஆக்கள் காணாமப் போற காலம்கூட இல்லை.”

“அப்ப ஏன் ஐயா அதை நாடகத்தில எழுதினீங்கள்?” எண்டு கேட்டது டீச்சர்.

“எழுதாமல் விட்டாலும் கேட்டது, பிள்ளை. பிறகு நடந்த ஒவ்வொரு ஒத்திகையிலயும் அந்த இடத்தில கேட்டது. எழுதி, பதில் சொல்லக்கூடாதெண்டு போட்டால்தானே நடிகர் வாயை மூடிக்கொண்டு நிப்பினம்? வெளிய போறதா எழுத எனக்குத் துணிவு வரேல்லை. எழுதினால் நானே அனுப்பின மாதிரி ஆகிடும்.”

பஹ்மியா எழும்பிப் போய் முன்கதவைச் சாத்திப்போட்டு வந்தா.

“ஒரு வருசத்தால கோணேஸ்வரியின்ர தாய்தான் வந்து காலில விழாக் குறையாக் கேட்டவ. நாடகத்தைப் போடு தம்பி, பிள்ளையின்ர சத்தம் ஒருக்காக் கேக்குமோ எண்டு பாப்பம் எண்டு. என்னால மறுக்க ஏலேல்லை. வீட்டில இல்லை, வேற மண்டபத்தில போட்டம். அந்தப் பாத்திரத்துக்கு நான் ஒருத்தரையும் போடேல்லை. தாய் முன்வரிசையில இருந்தவ. அந்த இடம் வந்தது. நாங்கள் மேடையில மூச்சுவிடாமல் நிக்கிறம்.”

“கேட்டதோ?”

“கேட்டது. ஆனால் முந்திக் கேட்ட குரல் இல்லை. கோணேஸ்வரியின்ர குரல். ‘இன்னும் ஆரும் வரக் கிடக்கே?’ எண்டு அதே கேள்வி. சனத்துக்கு ஒண்டும் விளங்கேல்லை, நல்ல நடிப்பெண்டு கை தட்டுதுகள். தாய் எழும்பினவ. ‘நான் வரக் கிடக்கு, ராசாத்தி’ எண்டு சொன்னவ. நான் மேடையில நிண்டு பாத்துக்கொண்டு இருக்கிறன். கைப்பையைக் கதிரையிலயே விட்டிட்டு, பக்கத்துக் கதவால வெளிய போனவ. ஓடிப்போய் மறிச்சிருக்கலாம். மறிக்கேல்லை. அவ்வளவு சந்தோசமா ஒரு மனிசி எழும்பிப் போனதை நான் முந்திப் பிந்திக் கண்டதில்லை.”

“அவ…”

“வீட்ட வரேல்லை.”

பஹ்மியா எண்ட கையைப் பிடிச்சா.

ஐயா செருமினார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

“பிள்ளை, ஒண்டு சொல்லுங்கோ. வெள்ளிக்கிழமை ஹோலில உங்களிட்டக் கேட்டது… இளம் பிள்ளையின்ர குரலோ, வயசு போன மனிசியின்ர குரலோ?”

டீச்சர் வாயைத் திறந்தா.

“இதுக்கும் பதில் சொல்லாதீங்க, டீச்சர்” எண்டு பஹ்மியா ஒரு கையால டீச்சரிட வாயைப் பொத்தி, மற்றக் கையால போனைக் கட் பண்ணினா.